2004 டபிள்யூஆர்எக்ஸ் வேகன்: வீட்டு கராஜில் எதை முதலில் செய்வது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒஹாயோவில் இருக்கும் நண்பர் ஒருவர் 1,30,000 மைல் ஓடிய 2004 சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் வேகன் வாங்கியிருக்கிறார். ஐந்து கியர், மேனுவல். மேம்படுத்த நாலாயிரம் டாலர் ஒதுக்கியிருக்கிறார். வேலையை வீட்டு கராஜில் தானே செய்ய ஆசை. அவர் போட்ட பட்டியல்: எஸ்டிஐ காரிலிருந்து (டபிள்யூஆர்எக்ஸின் இன்னும் வேகமான வகை) கழற்றிய விஎஃப்39 டர்போ, மூன்று அங்குல எக்ஸாஸ்ட், கோல்ட் ஏர் இன்டேக், ப்ளோ ஆஃப் வால்வ், காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங், பிரெம்போ பிரேக். வாரநாளில் ஆபீசுக்கும், வாரக் கடைசியில் இரண்டு பிள்ளைகளோடும் மூட்டை முடிச்சோடும் இதே காரில்தான் போக வேண்டும். எந்த வரிசையில் செய்வது என்று கேட்கிறார்.

அவருக்கு என் பதில் இது: பட்டியலை அப்படியே தலைகீழாகப் பிடியுங்கள். பிரேக்கும் சஸ்பென்ஷனும் முன்னால் வரட்டும், டர்போ கடைசிக்குப் போகட்டும், இன்டேக்கையும் ப்ளோ ஆஃப் வால்வையும் அடித்துவிடுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பட்டியலில் இல்லாத ஒரு வேலை இருக்கிறது: இருபது வயதான இந்த எஞ்சின் இன்னும் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்ப்பது.

காரைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்காவுக்கு டபிள்யூஆர்எக்ஸ் வந்தது 2002 மாடலாக. செடான், வேகன் இரண்டிலும் ஒரே ஈஜே205 எஞ்சின்: 1994 சிசி, படுக்கை வசத்தில் நான்கு சிலிண்டர், டிடி04 டர்போ, 227 குதிரைத்திறன். 2004இல் எஸ்டிஐ வந்தபோது அது இங்கே செடானாக மட்டுமே விற்கப்பட்டது. 2008இல் வேகன் போய் ஹாட்ச்பேக் வந்தது, 2015இல் அதுவும் போய் டபிள்யூஆர்எக்ஸ் என்றால் செடான் மட்டும் என்றாகிவிட்டது. அதனால் எஸ்டிஐ வேகன் வேண்டும் என்று நினைக்கிற அமெரிக்க வாசிகள் எல்லாரும் உங்களைப் போலத்தான், சாதா வேகனை வாங்கி எஸ்டிஐ பாகங்களைத் தேடுகிறார்கள். தேடுவதில் தப்பில்லை. ஆனால் எஸ்டிஐ பாகம் எல்லாம் இதில் உட்காராது. எது உட்காரும், எது உட்காராது என்பதைப் போகிற போக்கில் சொல்கிறேன்.

முதல் வாரக் கடைசியை கம்ப்ரஷன் டெஸ்டுக்கு, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளப்பதற்கு ஒதுக்குங்கள். இந்த எஞ்சினில் ஸ்பார்க் பிளக் மேலே இல்லை, இரண்டு பக்கமும் ஃபெண்டரைப் பார்த்தபடி இருக்கிறது. ஒரு பக்கம் பேட்டரியும் வாஷர் தண்ணீர் டப்பாவும், மறுபக்கம் ஏர் ஃபில்டர் பெட்டியும் வெளியே வர வேண்டும். முதல் தடவை செய்யும்போது கைமுட்டி தோல் கொஞ்சம் போகும். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் சந்தோஷம். ஒன்று மட்டும் நன்றாகக் குறைந்தால், பிஸ்டன் வளையத்தின் மேடு உடைந்திருக்கலாம், வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம். அந்த நிலையில் நாலாயிரம் டாலரையும் எஞ்சினுக்கென்று எடுத்து வைத்துவிட்டு, மேற்கொண்டு எதையும் வாங்காதீர்கள். எப்படியும் பிளக்கைக் கழற்றுகிறீர்கள், புதிது போட்டு மூடிவிடுங்கள்.

அடுத்தது டைமிங் பெல்ட். சுபாரு சொல்லும் கெடு 1,05,000 மைல். பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும் வகை எஞ்சின் இது. முந்தைய சொந்தக்காரர் மாற்றியதற்குப் பில் இருந்தால் சரி. "மாத்தியாச்சுன்னு சொன்னார்" என்பதெல்லாம் பில் ஆகாது. மாற்றும்போது பெல்ட் மட்டும் வாங்காமல், தண்ணீர் பம்ப், டென்ஷனர், ஐட்லர் உருளைகள் சேர்ந்த முழு கிட் வாங்குங்கள். பழைய உருளையின் பேரிங் சிக்கிக்கொண்டு புது பெல்ட்டை அறுத்த கதைகள் நிறைய. இந்த வேலையை வீட்டில் செய்யலாம், ரேடியேட்டரை எடுத்துவிட்டால் இடம் தாராளமாகக் கிடைக்கும். ஒரே எச்சரிக்கை: இடது பக்க கேம்ஷாஃப்ட்டுகள் வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் நிற்கும், பெல்ட்டை உருவியதும் சடாரென்று சுழலக்கூடும். விரலை அங்கே வைக்காதீர்கள், கேம்களைப் பிடித்து வைக்கும் கருவியை முதலிலேயே மாட்டிவிடுங்கள்.

அப்புறம் காற்றுக் கசிவு. டர்போ காரில் ஆளைச் சுற்ற விடுகிற பாதிப் பிரச்சினைக்கு இதுதான் காரணம். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாய் இந்தக் காரில் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் நுழைந்து போகிறது. வெயிலும் எண்ணெயும் பட்டு வெடித்திருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிவிசி மூடியில் ஓட்டை போட்டு சைக்கிள் வால்வைப் பொருத்துங்கள். அதைக் காற்று அளக்கும் சென்சாருக்கு அடுத்த குழாய் வாயில் இறுக்கிக் கட்டி, கம்ப்ரஸரால் மெதுவாகக் காற்று ஏற்றுங்கள். பத்து பிஎஸ்ஐ போதும். கிராங்க்கேஸ் காற்றுக் குழாயும் இதோடு சேர்ந்திருப்பதால் அதற்கு மேல் போனால் ஆயில் சீல்களுக்கு நல்லதில்லை. சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வாருங்கள். இன்டர்கூலர் மூட்டுகள், பைபாஸ் வால்வு கேஸ்கெட், சின்னச் சின்ன வாக்யூம் குழாய்கள் என்று எங்கே நுரை பொங்குகிறது என்று தெரிந்துவிடும்.

அடியிலுள்ள குழாய்தான் கிழிந்திருக்கிறது என்றால் இன்டேக் மேனிஃபோல்டைத் தூக்கத்தான் வேண்டும். அரை நாள் வேலை. தூக்கியபின் குழாயை மட்டும் மாற்றிவிட்டு மூடாதீர்கள். மேனிஃபோல்டுக்கு அடியில் ரப்பர் பெட்ரோல் குழாய்கள் இருக்கின்றன. இந்த வருட டபிள்யூஆர்எக்ஸ்களில், கடும் குளிர் காலையில் ஸ்டார்ட் செய்ததும் காருக்குள் பெட்ரோல் வாசனை அடிக்கும் என்பது பழைய புகார். குளிரில் ரப்பர் சுருங்கி, கிளாம்ப் பிடி தளர்ந்து கசியும். ஒஹாயோ குளிர்காலத்தில் இதை நீங்களும் பார்ப்பீர்கள். எரிபொருள் ஊசிக்குழாய்க்கு உரிய தரமான ஹோஸ், புது கிளாம்ப் போட்டுவிடுங்கள். பக்கத்திலேயே நாக் சென்சார் இருக்கிறது. அதன் பிளாஸ்டிக்கில் விரிசல் இருந்தால் அதையும் மாற்றுங்கள். பெட்ரோல் நேரம் தவறி வெடித்து எஞ்சின் தட்டினால், அதைக் கேட்கும் காது அதுதான்.

இதுவரை சொன்னதில் ஒரு குதிரைத்திறன்கூட ஏறவில்லை என்று தோன்றலாம். பல கார்களில் ஏறும். கசிவோடு ஓடிக்கொண்டிருந்த டபிள்யூஆர்எக்ஸ், கசிவை அடைத்த அன்றே வேறு கார் மாதிரி இழுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பட்டியலிலிருந்து அடிக்கச் சொன்ன இரண்டு. கோல்ட் ஏர் இன்டேக் ஏன் வேண்டாம்? உள்ளே போகும் காற்று எவ்வளவு என்பதை இந்தக் கார் ஒரு சென்சாரால் அளக்கிறது. குழாயின் விட்டம் இவ்வளவு, அதில் காற்று இப்படி ஓடும் என்ற கணக்கு எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியூவில் எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் வேறு விட்டமுள்ள குழாயை மாட்டினால் கணக்கு பிசகும், பெட்ரோல் குறைவாகப் போகும், டர்போ முழு அழுத்தத்தில் இருக்கும்போது எஞ்சின் தட்டும். பாக்கெட்டிலிருந்து பணமும் போய் பிஸ்டனும் போகும். தொழிற்சாலை ஏர் பெட்டி டிடி04 டர்போவுக்குத் தாராளமாகப் போதும். நல்ல காகித ஃபில்டர் போடுங்கள், எண்ணெய் தடவிய ஃபில்டர் வேண்டாம், அந்த எண்ணெய் சென்சாரில் படியும்.

ப்ளோ ஆஃப் வால்வின் கதையும் இதேதான். அளந்து உள்ளே விட்ட காற்றை வெளியே "ப்ஷ்ஷ்" என்று விட்டுவிட்டால், அந்தக் காற்றுக்குரிய பெட்ரோல் மட்டும் எஞ்சினுக்குள் போகும். கியர் மாற்றும்போதெல்லாம் ஒரு திணறல், சில சமயம் சைலன்சரில் வெடி. காரோடு வந்த பைபாஸ் வால்வு காற்றை மறுபடி உள்ளேயே திருப்பி விடுகிறது. சத்தம் வேண்டும் என்றால் வேறு வழியில் தேடிக்கொள்ளலாம்.

சரி, செலவழிக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். டயர். டபிள்யூஆர்எக்ஸ் வேகனுக்கு 205/55 ஆர்16 அளவில் டயர் வந்தது. செடானின் ஃபெண்டர்கள் புடைத்திருக்கும். வேகனுக்கு சாதா இம்ப்ரெசாவின் ஒல்லியான உடம்பு, இடது வலது சக்கரங்களுக்கு நடுவிலுள்ள அகலமும் கொஞ்சம் குறைவு. இதை மறந்துவிட்டு செடான்காரர்கள் சொல்லும் வீல் அளவை வாங்கினால் பின் ஃபெண்டர் உரசும். நான் சொல்வது 17 அங்குலம், 7.5 அகலம், ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காரும் என்ற அளவு) 50 மில்லிமீட்டரை ஒட்டி, 225/45 டயர். அதற்கு மேல் பேராசை வேண்டாம். 2004 எஸ்டிஐயின் வீல் இதற்குக் கச்சிதம், அதன் போல்ட் வட்டம் உங்களுடையது போலவே 5x100, அதாவது 100 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து போல்ட். 2005 முதல் எஸ்டிஐ 5x114.3க்கு மாறிவிட்டது, அந்த வீல் உட்காராது. பழைய பாகம் விற்பவர்கள் பாதிப் பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, டேப் எடுத்துக்கொண்டு போங்கள்.

நான்கு டயரும் ஒரே பிராண்டு, ஒரே தேய்மானம். இது சும்மா சொல்லும் அறிவுரை இல்லை. முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் உங்கள் காரின் நடு டிஃபரென்ஷியலில் பிசுபிசுப்பான திரவத்தில் ஓடும் தட்டுகள் இருக்கின்றன. முன் டயரும் பின் டயரும் சுற்றளவில் வேறுபட்டால் நேர் சாலையிலும் அந்தத் தட்டுகள் ஓயாமல் உரசிச் சூடாகும். கால் அங்குலத்துக்கு மேல் சுற்றளவு வித்தியாசம் கூடாது என்பது கணக்கு. ஒரு டயர் பஞ்சரானால் ஒன்றை மட்டும் புதிதாக வாங்கி மாட்டும் பழக்கம் இந்தக் காரில் செல்லாது. குளிர்காலத்துக்குப் பழைய 16 அங்குல வீலில் ஸ்னோ டயர் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சஸ்பென்ஷனில் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் இந்த வேகனின் சுவாரஸ்யமே இங்கேதான் இருக்கிறது. நான்கு மூலையிலும் மக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கைத் தாங்கி நிற்கும் ஷாக் அப்சார்பர். 1,30,000 மைலில் அவை செத்திருக்கும். அதன் மேல் தாழ்த்தும் ஸ்பிரிங்கை மட்டும் மாட்டுவதுதான் பெரும்பாலோர் செய்வது. காசு குறைவு, பார்க்க அழகு, ஓட்ட மோசம். இரண்டு காரணம். ஸ்ட்ரட்டின் பயண தூரம் குறைந்து, சின்னக் குழியிலும் அடியிலுள்ள ரப்பர் கட்டையில் போய் இடிக்கும். இடித்த கணத்தில் ஸ்பிரிங் விறைப்பு திடீரென்று ஏறி, வளைவில் டயர் பிடி விட்டுப்போகும். இரண்டாவது, காரைத் தாழ்த்தும்போது சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் கை மேல் நோக்கிச் சாய்கிறது. உடம்பு எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்குகிறது. அதாவது கார் தாழ்ந்திருக்கும், ஆனால் வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாய முயலும். வேகனில் மூன்றாவது பிரச்சினையும் உண்டு: பின்னால் பிள்ளைகளும் சாமானும் ஏறினால் பின்புறம் உட்கார்ந்துவிடும். செடானுக்கென்று செய்த பின் ஸ்பிரிங்கைப் போட்டால் இன்னும் மோசம். பாக எண்ணில் ஜிஜி என்று வேகனுக்கான குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஜிடி என்றால் செடான்.

என் சிபாரிசு: நல்ல தரமான புது ஸ்ட்ரட், வேகனுக்குரிய ஸ்பிரிங், உயரம் கிட்டத்தட்ட தொழிற்சாலை அளவிலேயே. 2004 எஸ்டிஐயின் ஸ்ட்ரட் கிடைத்தால் பொருந்தும், ஆனால் இருபது வருடப் பழைய ஸ்ட்ரட்டை வாங்கிப் பழைய ஸ்ட்ரட்டுக்கு மாற்றாகப் போடுவதில் எனக்கு ருசி இல்லை. மேல் மவுண்ட்டுகளைப் புதிதாக வாங்குங்கள், அவை ஆடினால் ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் கடகடவென்று சத்தம். ஸ்பிரிங் கம்ப்ரஸரைக் கடைகளில் இரவலாகத் தருகிறார்கள். அதை இரு பக்கமும் சமமாக இறுக்குங்கள், அழுத்திய ஸ்பிரிங்கின் நுனிக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். கம்ப்ரஸர் தேய்ந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் காசு போனாலும் பரவாயில்லை என்று ஒரு மெக்கானிக்கிடம் ஸ்பிரிங் மாற்றும் வேலையை மட்டும் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது பின் ஸ்வே பார், வளைவில் கார் சாய்வதைத் தடுக்கும் கம்பி. இந்தக் காரில் கொடுத்த காசுக்கு மிக அதிகம் திருப்பித் தருவது இதுதான். தொழிற்சாலை அமைப்பில் வேகன் வளைவில் மூக்கை வெளியே தள்ளும். பின்னால் 20 முதல் 22 மில்லிமீட்டர் வரை உள்ள தடிமனான பார் போட்டால் அந்தப் பிடிவாதம் வெகுவாகக் குறையும். காரின் அடியில் படுத்து ஒரு மதியத்தில் முடிக்கக்கூடிய வேலை. கூடவே வலுவூட்டிய மவுண்ட்டும் வாங்குங்கள். விறைப்பான பாரைப் பழைய தகடு மவுண்ட்டில் மாட்டினால் மவுண்ட் வளைந்து பிய்ந்துவிடும். பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் எண்ட் லிங்கையும் அதோடு மாற்றிவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் அலைன்மென்ட்: முன் ஸ்ட்ரட்டின் மேல் போல்ட் முட்டை வடிவில் இருக்கும், அதைத் திருப்பி முன்னால் கேம்பரை (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாயும் கோணம்) மைனஸ் ஒன்றரை டிகிரி வரை கொண்டுவரலாம். டோ பூஜ்யம், அதாவது சக்கரங்கள் நேராகப் பார்க்க வேண்டும். ஆபீசுக்கும் சரி, மலைப் பாதைக்கும் சரி, டயரும் சீக்கிரம் தேயாது.

பிரேக்குக்கு பிரெம்போ வேண்டாம் என்று சொல்லவில்லை, அவசியமில்லை என்கிறேன். நல்ல பேடு, புது டாட் 4 பிரேக் திரவம், ஸ்டீல் பின்னல் ஹோஸ் மூன்றும் போட்டாலே பெடல் வேறு மாதிரி ஆகிவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 2006, 2007 டபிள்யூஆர்எக்ஸின் நான்கு பிஸ்டன் முன் காலிப்பரைத் தேடுங்கள், சிவப்பு வண்ணம் பூசியிருக்கும். உங்கள் காரில் நேராகப் பொருந்தும். 16 அங்குல வீலில் இடிக்கிறதா என்று மட்டும் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு இறக்குங்கள். பிரெம்போ என்றால் 17 அங்குலம் கட்டாயம். குளிர்கால 16 அங்குல வீல் அப்போது வீணாகும். பின்னால் கை பிரேக்கின் டிரம் அளவும் வேறு, அங்கே செலவு ஒன்றிலிருந்து ஒன்றாக இழுத்துக்கொண்டே போகும்.

இப்போது சக்தி. அமெரிக்க 2002 முதல் 2005 வரையான டபிள்யூஆர்எக்ஸ்களில் ஒரு விசித்திரம் உண்டு. எஞ்சினிலிருந்து டர்போவுக்குப் போகும் குழாய்க்குள்ளேயே, அதாவது டர்போவுக்கு முன்னால், ஒரு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. குளிர் ஸ்டார்ட்டில் புகையைச் சீக்கிரம் சுத்தம் செய்ய வைத்தது. வயதானபின் அது நொறுங்கினால் துண்டுகள் நேராக டர்பைன் இறக்கையில் போய் மோதும். 2004 எஸ்டிஐயின் அதே குழாயில் இந்தக் கன்வெர்ட்டர் கிடையாது. அதனால்தான் பலரும் முதல் வேலையாக இதை மாற்றுகிறார்கள். சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும்: கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுப்பது அமெரிக்கக் கூட்டாட்சியின் சுத்தக் காற்றுச் சட்டப்படி குற்றம், உங்கள் மாநிலத்தில் புகைப் பரிசோதனை இருக்கிறதோ இல்லையோ. கலிஃபோர்னியாவில் அனுமதி எண் இல்லாத பாகத்தோடு பரிசோதனைக்கே போக முடியாது. முடிவு உங்களுடையது. குறைந்தபட்சம் அந்தக் குழாயைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நொறுங்க ஆரம்பித்திருந்தால் அப்படியே ஓட்டுவதும் டர்போவை இழப்பதும் ஒன்றுதான். அங்கே உள்ள நட்டுகள் உப்புச் சாலையில் ஓடிய காரில் துருவோடு ஒட்டிப்போயிருக்கும். இரண்டு நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வாருங்கள், வராவிட்டால் நெருப்பு டார்ச்சால் சுட வையுங்கள். வெறும் பலத்தால் திருகினால் ஸ்டட் முறியும். சூடு வைப்பதற்குமுன் அங்கே எண்ணெயும் பெட்ரோல் குழாயும் இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

எக்ஸாஸ்ட்டில் பலன் தருவது டர்போவை ஒட்டிய டவுன்பைப். கன்வெர்ட்டர் உள்ள, வேகமாக ஓட விடும் டவுன்பைப்புகள் கிடைக்கின்றன. அதற்குப் பிறகு சைலன்சர் வரை மூன்று அங்குலக் குழாய் போடுவதில் சக்தி சொற்பம், சத்தம் அதிகம். அதிலும் வேகனில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. செடானில் டிக்கிக்கும் ஆட்களுக்கும் நடுவே சீட்டும் தகடும் தடுப்பாக நிற்கும். வேகனில் சைலன்சருக்கு மேலே இருப்பது ஒரு பெரிய காலி அறை. நெடுஞ்சாலை வேகத்தில் வரும் "ஊம்" என்ற ரீங்காரம் அந்த அறையில் மோதி நேராகக் காதில் விழும். பின் சீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். செடான்காரர் ஏற்றிய வீடியோவைப் பார்த்து வேகனுக்கு எக்ஸாஸ்ட் வாங்காதீர்கள், வேகனில் பதிந்த வீடியோ தேடுங்கள். உங்கள் பழைய சைலன்சர் ஓட்டையாகவில்லையென்றால் அதையே வைத்துக்கொள்வது என் கட்சி.

டவுன்பைப் மாட்டியபின் ட்யூன் செய்யாமல், அதாவது ஈசியூவின் கணக்கை மாற்றி எழுதாமல் மிதிக்கவே கூடாது. வெளியேறும் பாதை எளிதானதும் டர்போ எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுழலும். பழைய கணக்குப்படி, டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கதவான வேஸ்ட்கேட் திறக்கும் நேரம் போதாமல் அழுத்தம் எகிறும். வீட்டிலேயே செய்ய இரண்டு வழி. காப் நிறுவனத்தின் ஆக்சஸ்போர்ட் ஒரு கையடக்கக் கருவி. கொஞ்சம் விலை, சுலபம். இன்னொன்று டாக்ட்ரிக்ஸ் கேபிளும் ஈசியூஃப்ளாஷ், ரோம்ரெய்டர் என்ற இலவச மென்பொருட்களும். டாஷ்போர்டுக்கு அடியிலுள்ள பச்சை கனெக்டர்களை இணைத்து, லேப்டாப்பிலிருந்து எழுதுவது. பேட்டரிக்கு சார்ஜர் போட்டுவிட்டுச் செய்யுங்கள், எழுதும் நடுவில் மின்சாரம் தடுமாறினால் ஈசியூ செத்துவிடும். ஈசியூவில் எழுதும் கணக்கு அட்டவணையை வரைபடம் என்பார்கள், அதை நீங்களே எழுத வேண்டாம். சுபாருவுக்கென்றே இருக்கும் ட்யூனர்கள் நீங்கள் அனுப்பும் லாகைப் (ஓடும்போது ஈசியூவிலிருந்து எடுத்த பதிவு) பார்த்துத் தூரத்திலிருந்தே எழுதித் தருகிறார்கள்.

லாகில் நீங்களே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. எஞ்சின் தட்டுகிறதா இல்லையா என்பதை வைத்து ஈசியூ தன் நம்பிக்கையை ஒரு எண்ணாக வைத்திருக்கும். ஐஏஎம் என்பார்கள். உங்கள் ஈசியூவில் அதன் உச்சம் 16. நல்ல பெட்ரோலில், நல்ல ட்யூனில் அது 16இலேயே நிற்க வேண்டும். இறங்கினால் பெட்ரோல் மட்டமாக இருக்கிறது, அல்லது கசிவு இருக்கிறது, அல்லது ட்யூன் பேராசை பிடித்தது. காரணம் தெரியும்வரை மிதிக்காதீர்கள். உங்கள் ஊரில் 93 ஆக்டேன் கிடைக்கும், ட்யூனை அதற்கென்று எழுதச் சொல்லலாம். ஆனால் 91 மட்டும் கிடைக்கும் மேற்கு மாநிலங்களுக்கு நீண்ட பயணம் போனால், அதற்கென்று இரண்டாவது ட்யூன் வரைபடம் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் போக்குவரத்து நெரிசலில் நின்றுவிட்டுச் சட்டென்று மிதிக்கும் பழக்கமும் வேண்டாம். இந்தக் காரில் இன்டர்கூலர் எஞ்சினின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது, எரிகிற அடுப்பின் மேல் பானையை வைத்துத் தண்ணீரைக் குளிர வைப்பது போலத்தான். கார் நகர்ந்து பானட்டிலுள்ள துவாரம் வழியாகக் காற்று பாய்ந்தால்தான் அது வேலை செய்யும்.

இதோடு தோராயமாக 260 குதிரைத்திறன் வரும். என் கருத்தில் இந்தக் கார் மிகச் சந்தோஷமாக இருக்கும் இடம் அதுதான். அதற்கு மேல் முதலில் கை விரிப்பது கியர்பாக்ஸ். இந்த ஐந்து கியர் பெட்டியின் பற்கள் ஒல்லி. நான்கு சக்கரமும் ரோட்டைக் கவ்விப் பிடிப்பதால், நின்ற இடத்திலிருந்து கிளட்ச்சைச் சடாரென்று விட்டால் சறுக்கித் தப்பிக்க டயர் எதுவும் இல்லை, முழு அடியும் பல்லில்தான் விழும். ஓடிக்கொண்டிருக்கும்போது முழுசாக மிதிப்பதை அது தாங்கிக்கொள்ளும். சிக்னலில் பந்தயம் விடுவதைத் தாங்காது. இங்கே சின்னச் செலவில் ஒன்று செய்யலாம்: ‘குரூப் என்’ எனப்படும் ராலி கார் வகைக்கான எஞ்சின், கியர்பாக்ஸ் மவுண்ட்டும் ஷிஃப்டர் புஷ்ஷும். கியர் விழும் உணர்வு திருத்தமாகிவிடும், அதிர்வும் தாங்கும் அளவுதான்.

எஸ்டிஐயின் ஆறு கியர் பெட்டியைப் போடலாமே என்று அடுத்து கேட்பீர்கள். போடலாம். ஆனால் உங்கள் பெட்டியில் முன் கடைசி விகிதம் 3.90, பின்னுக்குப் போகும் வழியில் 1.1 என்று ஒரு பல் விகிதம் இருப்பதால் பின் டிஃபரென்ஷியல் 3.54. ஆறு கியரில் அந்த இடைப்பல் இல்லை, பின்னாலும் 3.90 வேண்டும். ஆகவே பெட்டியோடு பின் டிஃபரென்ஷியல், ஆக்சில், கார்டன் ஷாஃப்ட் என்று கூட்டமே வரும். விகிதம் பொருந்தாமல் மாட்டி ஓட்டினால் கொஞ்ச தூரத்திலேயே நடு டிஃபரென்ஷியல் புகைந்துவிடும். நாலாயிரத்துக்குள் அடங்காது.

இனி காரின் உள்ளே. வேகனை வேகனாக வைத்திருக்கும் வேலைகள் இவை, யாரும் பேசுவதில்லை. பின் சக்கர வளைவின் மேலும், ஸ்டெப்னி குழியிலும், டிக்கிக் கதவின் உள்பக்கமும் அதிர்வை உறிஞ்சும் பியூட்டைல் தகடு ஒட்டி, அதன்மேல் நுரை விரிப்பு போடுங்கள். டிரிம் பிளாஸ்டிக் கிளிப்புகள் குளிரில் உடையும், வெயில் நாளில் கழற்றுங்கள். 2005, 2006இல் இதே வேகனுக்கு வேறு மூக்கை மாட்டி சாப் 9-2எக்ஸ் என்று விற்றார்கள். சுபாருவின் தாய் நிறுவனத்தில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு அப்போது பங்கு இருந்ததன் விளைவு அது. சாப் அதில் ஒலித்தடுப்பைக் கூட்டியிருந்தது. உடைப்புக் கடையில் ஒன்று கண்ணில் பட்டால் விரிப்பு, கூரை உறை, உட்புறப் பலகைகளைப் போய்ப் பாருங்கள். வேகன் பாகம் தேடுபவருக்கு அந்தக் கார் ஒரு புதையல், பலர் சாப் என்று நினைத்து கடந்துபோய்விடுகிறார்கள்.

தூக்குவது பற்றி ஒன்று. முன்னால் நடு கிராஸ் மெம்பரில், பின்னால் டிஃபரென்ஷியலில் ஜாக் வைத்துத் தூக்கலாம். தூக்கியதும் பக்கவாட்டு விளிம்புகளுக்கு அடியில் ஸ்டாண்டு, கழற்றிய வீல் ஒன்றைக் காருக்கு அடியில் படுக்கப் போட்டு, காரைக் கையால் உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெறும் ஜாக்கை நம்பி ஒரு நிமிடம்கூட வேண்டாம். விளிம்பு துருவேறி நசுங்குகிறது என்றால் அந்த இடத்தில் ஸ்டாண்டு வைக்காதீர்கள், ஒஹாயோவில் இருபது குளிர்காலம் பார்த்த கார் அது.

விஎஃப்39ஐ ஏற்கனவே வாங்கிவிட்டீர்களா? அப்படியானால் தூக்கி எறிய வேண்டாம். உங்கள் காரில் போல்ட் போட்டு மாட்டிவிடலாம் என்பது உண்மைதான். பிரச்சினை அதற்குப் பின்னால் வரும் வரிசை: பெரிய எரிபொருள் ஊசிகள், மணிக்கு 255 லிட்டர் தரும் பெட்ரோல் பம்ப், மறுபடி ட்யூன், தாங்காத கிளட்ச், அப்புறம் மேலே சொன்ன கியர்பாக்ஸ். ஊசிகளை அதே எஸ்டிஐயிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2004 முதல் 2006 வரையான எஸ்டிஐயின் இளஞ்சிவப்பு ஊசிகள் பக்கவாட்டில் பெட்ரோல் வாங்கும் வகை, உங்கள் காருடையது மேலிருந்து வாங்கும் வகை. மேனிஃபோல்டை மாற்றாமல் அவை பொருந்தாது. டர்போவின் நடு அச்சைக் கையால் ஆட்டிப் பாருங்கள். முன்னும் பின்னும் அசைந்தால் அது விற்பனைக்குக்கூட லாயக்கில்லை. பக்கவாட்டில் மட்டும் லேசாக அசைந்தால் சரி, இரண்டு வாயையும் டேப்பால் மூடி, பெட்டியில் போட்டு, உலர்ந்த அலமாரியில் வையுங்கள்.